கட்டடங்களின் கதை – 17: கூலிக்கு ஒரு கெடு

1791 செப்டம்பர் 8-ம் தேதி, போட்டோமேக் ஆற்றங்கரையில் ஜார்ஜ்டவுன் என்ற சிறு துறைமுக ஊரில் ஐந்து பேர் கூடிப் பேசினார்கள். மூவர் ஆணையர்கள்: தாமஸ் ஜான்சன், டேனியல் கரோல், டேவிட் ஸ்டூவர்ட். வயலும் காடும் சேறுமாகக் கிடந்த இடத்தில் ஒரு தலைநகரை எழுப்பும் வேலையை ஜார்ஜ் வாஷிங்டன் இவர்கள் தலையில் வைத்திருந்தார். மற்ற இருவர் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனும் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசனும். பின்னாளில் இருவரும் அடுத்தடுத்து ஜனாதிபதி ஆனவர்கள்.

நகரத்துக்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்தது அந்தக் கூட்டத்தில்தான். அதைச் சுற்றிய நிலப்பரப்புக்குக் கொலம்பியா என்று வைத்ததும், தெருக்களுக்கு ஒரு வாக்கில் எண்ணும் மறு வாக்கில் எழுத்தும் என்று முடிவெடுத்ததும் அங்கேதான். பாடப் புத்தகங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே கூட்டம் இன்னொரு காரியமும் செய்தது. வீடு கட்டித் தருபவர்களுக்குக் கூலி பாக்கி நின்றுபோனால், கட்டிய வீட்டின் மீதும் மனையின் மீதும் பற்றுரிமை கொடுக்கும் சட்டம் ஒன்று வேண்டும் என்று மேரிலாந்து சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதியது. இந்த வாரம் நமக்கு வேண்டியது அந்த விண்ணப்பம்.

கொத்தனார்கள் மேல் கருணை பொங்கி இதைச் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி இல்லை. 1790 ஜூலையில் காங்கிரஸ் போட்ட சட்டப்படி, 1800 டிசம்பர் முதல் திங்கட்கிழமைக்குள் அரசாங்கம் புதிய ஊருக்குக் குடியேற வேண்டும். அதற்கான பணத்தை மட்டும் காங்கிரஸ் ஒதுக்கவில்லை. வர்ஜீனியா 1,20,000 டாலரும் மேரிலாந்து 72,000 டாலரும் தருவதாகச் சொல்லியிருந்தன. மீதியை மனை விற்றுத் தேற்றிக்கொள்ள வேண்டும். அக்டோபரில் முதல் ஏலம் நடந்தது. வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் மூவரும் வந்து நின்றார்கள். மழையும் வந்தது. விலைபோனவை 35 மனைகள்.

வீடில்லாத ஊரில் மனை வாங்க யார் வருவார்கள்? மனை விற்காத ஊரில் வீடு கட்ட யார் வருவார்கள்? இது போதாதென்று, வீடுகள் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும், பெரிய சாலைகளில் கூரைவரை சுவர் உயரம் 35 அடிக்குக் குறையக் கூடாது, 40 அடியைத் தாண்டக் கூடாது என்று வாஷிங்டன் விதி போட்டார். கௌரவமான விதிதான். செலவுதான் கைமீறும். அந்தச் செலவில் பெரும்பகுதி முதலில் இறங்குவது கட்டித் தரும் மேஸ்திரியின் கையிலிருந்து. மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் அவர் கடனுக்கு வாங்க வேண்டும். ஆட்களுக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பிறகு தருவார், தந்தால்.

தராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டத்தில் பதில் இல்லை. அந்தச் சட்டம் பொருளைக் கையில் பிடித்து வைத்திருப்பவனைத்தான் காப்பாற்றும். அதே நெறி கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவைப் பாருங்கள்: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த நகைக்காரர் தன் கூலி வரும்வரை கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். தையற்காரர் கோட்டை வைத்துக்கொள்ளலாம். கொத்தனார் எதை வைத்துக்கொள்வார்? அவர் வைத்த கல் ஒவ்வொன்றும், காரை இறுகும்போதே நிலத்துக்காரரின் சொத்தாகிவிடுகிறது. கூலி பாக்கிக்குச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியாது.

ஐரோப்பாவின் மற்ற பகுதிகளுக்கு இது புதிய யோசனை இல்லை. ரோமில் மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்திலேயே, இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டக் கடன் கொடுத்தவருக்கு அந்தக் கட்டடமே பிணை என்று செனட் தீர்மானம் போட்டது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் கட்டடக் கலைஞருக்கும் கொத்தனாருக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு நிபுணர் வந்து இடத்தின் நிலையை எழுதி வைக்க வேண்டும், முடிந்த ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒருவர் வந்து வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து மட்டும் அசையவே இல்லை. இன்றுவரை அங்கே கட்டுநருக்கு வீட்டின் மேல் இப்படிப்பட்ட உரிமை கிடையாது.

மேரிலாந்து சட்டமன்றம் அதிகம் யோசிக்கவில்லை. 1791 டிசம்பர் 19-ம் தேதி கொலம்பியா நிலப்பரப்பு பற்றிய ஒரு நீளமான சட்டத்துக்குள் பத்தாவது பிரிவாக இதைச் செருகியது. தலைமைக் கட்டுநர்களுக்கு ஊக்கம் தருவதற்காக என்று காரணத்தையும் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அமெரிக்காவில் 'மெக்கானிக்ஸ் லீன்' என்று வழங்கும் உரிமையின் முதல் வடிவம் இது. இன்றைக்கு ஐம்பது மாநிலங்களிலும் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றன.

அந்தப் பிரிவில் உரிமையோடு கூடவே இரண்டு கெடுக்களும் இருந்தன. வீட்டுக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்குள் பதிவாக வேண்டும். கடைசி வேலை முடிந்த இரண்டு வருஷத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வீட்டின் மேலுள்ள பிடி அற்றுப்போகும், ஒப்பந்தம் போட்ட ஆளின் மேல் மட்டும் கடன் மிஞ்சும்.

கெடு எதற்கு என்பதை வாங்குபவர் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். வில்லங்கம் பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. எழுதி வைக்காத, முடிவே இல்லாத ஒரு கூலி பாக்கி ஒவ்வொரு வீட்டிலும் ஒளிந்திருக்கலாம் என்றால் கிரயம் எப்படி நடக்கும்? வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? மனை விற்றுத்தான் ஊரே எழ வேண்டும் என்ற நிலையில் இருந்த ஆணையர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே கட்டுநருக்கு ஒரு பலமான பிடியைக் கொடுத்தார்கள், அதைச் சீக்கிரம் பயன்படுத்து, இல்லையேல் விடு என்றார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இந்தச் சட்டம் பற்றி நடந்த சண்டைகளில் பாதி, அந்தக் கடிகாரத்தை யார் திருகுவது என்ற சண்டைதான். வேலை செய்தவர்கள் முள்ளைப் பின்னால் இழுத்தார்கள். நிலமும் பணமும் வைத்திருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள்.

ஆளின் மேல் மட்டும் கடன் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரே சீக்கிரம் காட்டிவிட்டது. 1793-ல் ராபர்ட் மாரிஸ், ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் ஆகிய மூன்று முதலீட்டாளர்கள் ஆளுக்கொரு கனவோடு சேர்ந்து 6,000 மனைகளை, மனை 80 டாலர் என்று தவணையில் வாங்கினார்கள். ஏழு வருஷத்துக்கு வருஷம் 20 செங்கல் வீடுகள் கட்டித் தருவதாக வாக்கும் கொடுத்தார்கள். மாரிஸ் சாதாரண ஆள் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், புரட்சிப் போருக்குப் பணம் திரட்டியவர். அவருடைய பேச்சே ரொக்கம் என்று ஊர் நம்பியது. சில வருஷங்களில் மூவரும் நொடித்துப் போனார்கள். 1798 பிப்ரவரியில் மாரிஸ் பிலடெல்ஃபியாவின் கடனாளிகள் சிறைக்குள் போனார், 1801 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். நிக்கல்சன் சிறையிலேயே இறந்தார். அப்படிப்பட்ட ஒருவர் மேல் தீர்ப்பு வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டின் மேல் பிடி இருந்தால் வீட்டை ஏலம் விடலாம்.

1800 மே மாதம் ஆணையர்கள் ஊரின் வீடுகளை எண்ணினார்கள். செங்கல் வீடு 109, மர வீடு 263. ஜனாதிபதி போட்ட செங்கல் விதி எந்த அளவுக்கு நின்றது என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்தச் சட்டம் யாரைத் தொடவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1792-லிருந்தே ஆணையர்கள் அடிமைகளை ஆண்டு வாடகைக்கு எடுத்து ஜனாதிபதி மாளிகை, கேபிடல் வேலைகளில் இறக்கினார்கள். கல் உடைத்ததும் மண் சுமந்ததும் அவர்கள். வாடகை போய்ச் சேர்ந்தது அவர்களின் எஜமானர்களுக்கு. உழைப்பின் பலன் உழைத்தவனுக்குச் சேர வேண்டும் என்று சட்டம் கேட்டு எழுதிய அதே ஊரில், அதே ஆட்கள் முன்னிலையில் இது நடந்தது. நகரத்தின் வரைபடத்தைப் போட்ட பியர் லாங்ஃபாவின் கதை வேறு ரகம். ஆணையர்களோடு முட்டிக்கொண்டு 1792-ல் வேலையை இழந்தார். 500 கினியும் ஒரு மனையும் தருவதாகச் சொன்னார்கள். கோபத்தில் வேண்டாம் என்றுவிட்டார். 1800-ல் 95,500 டாலர் கேட்டுக் காங்கிரஸிடம் மனுப் போட்டார். கிடைத்தது அதில் ஒரு துளி. 1825-ல் நண்பர் வீட்டில் ஏழையாக இறந்தார். கூலியைப் பேசி எழுதிக்கொள்ளாமலே வேலைக்கு இறங்கிய மனிதருக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

மேரிலாந்துச் சட்டம் தலைமைக் கட்டுநருக்குத்தான். அவருக்குக் கீழே செங்கல் கொடுத்தவர், ஓடு போட்டவர், தச்சு வேலை செய்தவர்? 1803-ல் பென்சில்வேனியா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. முதலில் பிலடெல்ஃபியாவுக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும். 1806-ல் போட்ட சட்டம் இன்னும் திருத்தமானது: வேலை செய்த அல்லது பொருள் கொடுத்த ஆறு மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவு செய்தால்தான் உரிமை நீடிக்கும். இப்போதுள்ள முறையின் முகம் இங்கேதான் தெரிகிறது. வேலை முடிந்த நாள் ஒன்று, அதிலிருந்து எண்ணிக்கை, அலுவலகத்தில் ஒரு காகிதம்.

கீழே உள்ளவர்களுக்கும் உரிமை என்று வந்ததும் புதிய தலைவலி பிறந்தது. வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். கான்ட்ராக்டர் அதை ஓடு போட்டவருக்குக் கொடுக்கவில்லை. ஓடு போட்டவர் வீட்டின் மேல் பற்றுரிமை பதிகிறார். வீட்டுக்காரர் ஒரே கூரைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டுமா? பென்சில்வேனியா வழியில் வந்த மாநிலங்கள் ஆமாம் என்றன. துணை ஒப்பந்தக்காரரின் உரிமை நேராக வீட்டின் மேலேயே நிற்கும். நியூயார்க் வழியில் வந்தவை வேறு மாதிரி யோசித்தன: கான்ட்ராக்டருக்கு வீட்டுக்காரர் இன்னும் எவ்வளவு தர வேண்டியிருக்கிறதோ அதற்குள்தான் மற்றவர்களின் உரிமை.

எனக்கு நியூயார்க் வழியில் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் கான்ட்ராக்டர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பிறகு கூரைக்காரரிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக இன்னும் பல கெடுக்கள் வந்து சேர்ந்தன. வீட்டுக்காரருக்கு முகம் தெரியாதவர்கள் முன்கூட்டியே தங்களை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் முக்கியமானது. இப்போது கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கிய, பொருள் இறக்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். ஃப்ளோரிடாவில் 45 நாள். நான் இந்த வீட்டில் வேலை செய்கிறேன், கான்ட்ராக்டருக்குக் காசு கொடுக்கும்போது என்னை நினைவில் வையுங்கள் என்பதுதான் அந்தக் காகிதத்தின் சாரம். அதை அனுப்பத் தவறிவிட்டு, கடைசியில் கெடுவுக்குள் பதிவு செய்தேனே என்று அழுதால் பயனில்லை.

கலிஃபோர்னியா பற்றி ஒரு வார்த்தை. 1879-ல் அந்த மாநிலம் புதிய அரசியலமைப்பை எழுதியபோது, சான் ஃபிரான்சிஸ்கோத் தெருக்களில் எழுந்த தொழிலாளர் கட்சி அவையில் பலமாக இருந்தது. கைவினைஞர், பொருள் தருபவர், எல்லா வகைத் தொழிலாளர்களுக்கும் தாங்கள் உழைத்த சொத்தின் மேல் பற்றுரிமை உண்டு என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். சட்டமன்றம் நினைத்தாலும் அதைப் பிடுங்க முடியாது. அதே அரசியலமைப்பு, சீனர்களை எந்த நிறுவனமும் வேலைக்கு வைக்கக் கூடாது, பொதுப்பணிகளில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் எழுதியது. சியரா மலைகளைக் குடைந்து ரயில் பாதை போட்டது யார் என்று அந்த அவையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

கலிஃபோர்னியாவின் கெடு இன்று இப்படி: வேலை முடிந்த 90 நாளுக்குள் பற்றுரிமையைப் பதிய வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் வேலை முடிந்தது என்று ஓர் அறிவிப்பைப் பதிந்துவிட்டால் கடிகாரம் வேகமாக ஓட ஆரம்பிக்கும். நேரடி ஒப்பந்தக்காரருக்கு 60 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். பதிந்த பிறகு வழக்குப் போட இன்னொரு 90 நாள். போடாவிட்டால் பதிந்ததும் வீண். முள் இன்று யார் கையில் இருக்கிறது என்பதற்கு இந்த அறிவிப்பு ஒன்று போதும்.

மற்ற ஊர்களில் கணக்கு வேறு. நியூயார்க்கில் எட்டு மாதம், ஒரு குடும்பம் வசிக்கும் வீடென்றால் நான்கு. டெக்சாஸில் நாள் எண்ணும் வழக்கமே இல்லை. நான்காவது மாதத்தின் 15-ம் தேதி, வீடென்றால் மூன்றாவது மாதத்தின் 15 என்று மாதக் கணக்கு. வர்ஜீனியாவில் கடைசியாக வேலை செய்த மாதத்தின் முடிவிலிருந்து 90 நாள், கட்டடமே அதற்கு முன் முடிந்திருந்தால் முடிந்த நாளிலிருந்து. அதோடு இன்னொரு கண்ணி: கடைசி வேலை நாளுக்கு 150 நாளுக்கு முந்தைய பாக்கியை அந்தக் கோரிக்கையில் சேர்க்கக் கூடாது. பழகிய வீட்டுக்காரர், மெதுவாகத் தருவார் என்று ஆறேழு மாதம் பொறுத்துப்போனவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

எல்லாக் கணக்கும் ஒரு கேள்வியில் வந்து முட்டும். கடைசி வேலை நாள் எது? கட்டடத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு வழுக்கலான கேள்வி என்று தெரியும். பூச்சு முடிந்து, பெயின்ட் முடிந்து, வீட்டுக்காரர் குடியும் வந்துவிட்டார். ஒரு கதவுக் கைப்பிடி மட்டும் பாக்கி. கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் கான்ட்ராக்டர் ஆளை அனுப்பி அந்தக் கைப்பிடியை மாட்டச் சொல்கிறார். மாட்டிய தேதியிலிருந்து புதுக் கணக்கு என்கிறார். இந்த வித்தையை அமெரிக்க நீதிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டன. ஒப்பந்தத்தில் உள்ள உண்மையான வேலை என்றால் கணக்கில் வரும், ஒப்புக்குச் செய்த சில்லறை வேலையும் பிறகு வந்து பார்க்கும் பழுதும் வராது என்பது பொதுவாக நிலைத்துவிட்ட நெறி. எது உண்மை, எது ஒப்புக்கு என்பதை வழக்குக்கு வழக்கு சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

முடிவு நாளுக்கு இந்தப் பாடு என்றால் தொடக்க நாளுக்கு வேறு பாடு. பல மாநிலங்களில் பற்றுரிமை எப்போது பதிந்தாலும், அதன் வரிசை கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி முதல் வேலை தொடங்கிய நாளுக்குப் பின்னோக்கிப் போகும். அதற்குப் பிறகு பதிவான வங்கி அடமானம் கொத்தனாருக்குப் பின்னால்தான் நிற்கும். ஆகவே அடமானப் பத்திரம் பதியும் அன்று வங்கியின் ஆள் மனைக்குப் போய்ப் படம் எடுப்பார். புல் முளைத்த வெறும் மண், குழி இல்லை, குவித்த மணல் இல்லை, லாரித் தடம் இல்லை என்பதற்கான சாட்சி. கான்ட்ராக்டர் ஆர்வக் கோளாறில் முந்தின நாளே ஒரு வண்டிக் கல்லை இறக்கி வேலையைத் தொடங்கியிருந்தால் கடனே நின்றுபோகலாம்.

கெடு தப்பினால் கடன் செத்துவிடாது. ஒப்பந்தப்படி பாக்கியைக் கேட்டு வழக்குப் போட இன்னும் வருஷங்கள் இருக்கும். செத்துப்போவது வீட்டின் மேலுள்ள பிடி. பணம் இருப்பவர் மேல் போடும் வழக்குக்கு அந்தப் பிடி தேவையில்லை, பணம் இல்லாதவர் மேல் போடும் வழக்கு அந்தப் பிடி இல்லாமல் எதற்கும் உதவாது. அதனால்தான் நீதிபதிகளும் இந்த விஷயத்தில் இரக்கம் காட்டுவதில்லை. சட்டம் கொடுத்த சலுகை, சட்டம் சொன்னபடி செய்தால்தான் உண்டு, ஒரு நாள் பிந்தினாலும் பிந்தியதுதான் என்பார்கள்.

1970-களில் மொத்த ஏற்பாட்டின் அடித்தளமே ஆட்டம் கண்டது. அதன் தொடக்கம் கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடம். 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடன்பட்ட ஒருவரின் சம்பளத்தை அவர் பக்கத்தைக் கேட்காமல் முடக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 1972-ல், தவணையில் வாங்கிய அடுப்பையும் விசாரணை இல்லாமல் பறிக்கக் கூடாது என்றது. இரண்டும் ஏழைகளுக்குக் கிடைத்த வெற்றிகள். வீட்டு உரிமையாளர்களின் வக்கீல்கள் அந்தத் தீர்ப்புகளைக் கையில் எடுத்தார்கள். அடுப்புக்கே விசாரணை வேண்டுமென்றால், எங்கள் கட்சிக்காரரின் நிலத்தை ஒரு கூரைக்காரர் விசாரணை இல்லாமல் எப்படிக் கட்டிப்போடலாம்?

1976-ல் இந்தக் கேள்வி மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு வந்தது. பாரி பிராப்பர்ட்டீஸ் என்ற உரிமையாளர் ஒரு பக்கம், ஃபிக் பிரதர்ஸ் என்ற கூரை நிறுவனம் மறுபக்கம். அன்றைய மேரிலாந்துச் சட்டம் கட்டுநருக்கு மிகவும் தாராளமானது. வேலை செய்த மாத்திரத்தில் பற்றுரிமை தானாகப் பிறந்துவிடும், முடிந்த 180 நாள்வரை பதியாமலே உயிரோடு இருக்கும். உரிமையாளருக்கு விஷயம் தெரிவதற்குள் அவர் சொத்து கட்டுண்டு கிடக்கும். இது முறையான விசாரணை இல்லாமல் சொத்தைப் பறிப்பது, அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்கு எதிர்ப்பதில் சொன்னது: சொத்து உரிமையாளர் கையை விட்டுப் போகவில்லை, வில்லங்கம் மட்டும்தான் விழுந்திருக்கிறது, உழைத்தவனின் நலனையும் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த மாநிலத்தில் பற்றுரிமை அரசியலமைப்பிலேயே இருந்ததும் நீதிபதிகளின் மனதில் இருந்தது.

மேரிலாந்து சட்டமன்றம் அந்த ஆண்டே விதியை மாற்றி எழுதியது. அன்றிலிருந்து அங்கே பற்றுரிமை தானாகப் பிறப்பதில்லை. 180 நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், உரிமையாளருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான் வீட்டின் மேல் பிடி விழும். துணை ஒப்பந்தக்காரர் இதற்கு முன் 120 நாளுக்குள் உரிமையாளருக்கு அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும். 1791-ல் இரண்டு வருஷம் கொடுத்த மாநிலம், இன்று ஆறு மாதத்துக்குள் வக்கீலைத் தேடச் சொல்கிறது.

கடிகாரம் எல்லா இடத்திலும் குறைந்துகொண்டே போனது என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோவைப் பாருங்கள். டொராண்டோவில் இந்தத் தொழிலில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை. அங்கே முதல் சட்டம் 1873-ல் வந்தது. கெடு நீண்டகாலம் 37 நாளாக இருந்தது. 1983-ல் 45 ஆனது. 2018 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த மாற்றம் அதை 60 ஆக்கியது. அதற்குமேல் வழக்குத் தொடுத்து உரிமையை உறுதி செய்ய 90 நாள்.

ஒன்டாரியோ சட்டத்தில் எனக்குப் பிடித்தது, வேலை முடிந்ததா இல்லையா என்பதைக் கணக்காகவே மாற்றிவிட்டது. கட்டடம் நோக்கத்துக்குப் பயன்படும் நிலையில் இருந்து, மீதி வேலையின் செலவு ஒப்பந்தத் தொகையில் முதல் 10 லட்சம் டாலருக்கு 3 சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 2, அதற்குமேல் 1 என்ற அளவைத் தாண்டாவிட்டால் வேலை கணிசமாக நிறைவேறியதாகக் கணக்கு. உடனே சான்றிதழ் தயாராகும். அதைக் கட்டுமானத் தொழில் செய்தித்தாளில் வெளியிடுவார்கள். வெளியான நாளிலிருந்து 60 எண்ண வேண்டும். மீதிச் செலவு தொகையில் 1 சதவீதம் அல்லது 5,000 டாலர், இதில் எது குறைவோ அதற்குள் வந்துவிட்டால் ஒப்பந்தம் முழுவதும் முடிந்ததாகவே கொள்ளலாம். கதவுக் கைப்பிடி வித்தைக்கு அங்கே இடம் குறைவு.

60 நாள் கிடைத்ததும் எல்லாக் கட்டுநர்களும் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்போம். அங்கேதான் ஒரு சிக்கல். ஒன்டாரியோவில் ஒவ்வொரு பட்டுவாடாவிலும் 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும். கீழே உள்ளவர்களுக்குப் பாக்கி நின்றால் கொடுக்க அதுதான் நிதி. 2018-ன் விதிப்படி அந்த 10 சதவீதம் எப்போது வெளியே வரும்? பற்றுரிமைக்கான கெடு கழிந்த பிறகு. கெடு 15 நாள் நீண்டால், ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருக்கும் கான்ட்ராக்டரின் 10 சதவீதமும் 15 நாள் கூடுதலாகச் சிக்கிக் கிடக்கும். இந்தத் தொழிலில் பலருக்கு லாபமே அந்த 10 சதவீதத்துக்குள்தான். முள்ளைப் பின்னால் இழுத்தவர்களின் விரலிலேயே அது குத்தியது. அதனால்தான் ஒன்டாரியோ அதோடு நிற்காமல், 2019 அக்டோபரிலிருந்து வேறொரு கெடுவைக் கொண்டுவந்தது: முறையான பில் வந்த 28 நாளுக்குள் வீட்டுக்காரர் பணம் தர வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் கான்ட்ராக்டர் தன் கீழுள்ளவர்களுக்குத் தர வேண்டும். தகராறு என்றால் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே சில வாரங்களில் முடிவு சொல்ல நடுவர் உண்டு. உழைத்தவன் தலையிலேயே இருந்த கடிகாரத்தை அங்கே முதன்முறையாகப் பணம் தர வேண்டியவர் வீட்டுச் சுவரிலும் மாட்டியது இந்தத் திருத்தம்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியார் கட்டடம். அமெரிக்க அரசாங்கத்தின் தபால் நிலையத்தின் மேலோ நீதிமன்றக் கட்டடத்தின் மேலோ யாரும் பற்றுரிமை பதிய முடியாது, ஏலத்துக்கும் கொண்டுவர முடியாது. அங்கே வேலை செய்த கொத்தனார் பணத்துக்கு எங்கே போவார்? 1894-ல் ஒரு சட்டமும், அது சரிவராமல் 1935-ல் மில்லர் சட்டமும் வந்தன. கட்டடத்துக்குப் பதிலாக ஒரு ஜாமீன் பத்திரம். நேரடி ஒப்பந்தம் இல்லாதவர் கடைசி வேலை முடிந்த 90 நாளுக்குள் கான்ட்ராக்டருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த ஜாமீனை எழுதிக் கொடுத்த கம்பெனிகளின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)